ஷ்வைட்சர்ஹாலே கிடங்குத் தீ (1986)

சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே, ஷ்வைட்சர்ஹாலேயில் இருந்த சான்டோஸ் நிறுவனத்தின் வேளாண் வேதிப்பொருள் கிடங்கில் 1986 நவம்பர் 1 அன்று நள்ளிரவுக்குப் பின் மூண்ட பெருந்தீ. தொழிலகப் பேரிடர் வகையைச் சார்ந்தது.

இருப்பும் புகையும்: கிடங்கில் சுமார் 1,350 டன் சரக்கு இருந்தது; பெரும்பகுதி கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள். இவை எரிகையில் கந்தக டைஆக்சைடு, பாஸ்பரஸ் ஆக்சைடுகள் போன்ற நச்சுகள் உருவாகும். மெர்காப்டன் சேர்மங்களால் அழுகிய முட்டை நாற்றம் பரவியது. அபாயச் சங்கு ஒலித்தது. சன்னல்களை மூடி வீட்டுக்குள்ளேயே இருக்குமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர்.

நீர் மாசு: தீயணைக்கப் பயன்பட்ட நீர் பூச்சிக்கொல்லி, பாதரசச் சேர்மங்கள், சிவப்புச் சாயம் ஆகியவற்றுடன் ரைன் ஆற்றில் கலந்ததால் விலாங்கு மீன்கள் பெருமளவில் மடிந்தன.

விளைவு: 1987இல் ரைன் செயல்திட்டம் ஏற்கப்பட்டது, 1988இல் தொழிலகப் பெருவிபத்துகளைத் தடுப்பதற்கான ஐரோப்பாவின் செவேசோ நெறிமுறை வேதிப்பொருள் சேமிப்புக்கும் விரிவாக்கப்பட்டது.