ஜப்பானியர் கண்ட வேட விளையாட்டு: மரபும் புதுமையும்

2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. பேரன் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்ந்து ஜப்பானிய வீடியோ விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். பகைவர் எதிர்ப்பட்டதும் திரையில் யாவும் நின்றன. 'தாக்கு', 'மந்திரம்', 'தற்காப்பு' என்னும் பொருளுடைய சொற்கள் வரிசையாகத் தோன்றின. அவன் ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்தான், அடி விழுந்தது. பின்னர்ப் பகைவன் தன் முறைக்கு அடித்தான். அருகிலிருந்த அத்தை மகன், அவனினும் ஐந்து வயது மூத்தவன், "வாளை உருவியவன் எதிரியின் முறை முடியட்டும் என்று காத்து நிற்பானா? இது பாட்டன் காலத்து ஆட்டம்" என்று நகைத்தான். பேரனோ, "இதை இப்படித்தான் ஆடவேண்டும்" என்று சினந்து கூறினான். பழமைக்காக வாதாடியவன் பன்னிரண்டு வயதினன் என்பதே எனக்கு வியப்பை அளித்தது.

வழக்கு என்னிடம் வந்தது. எனக்கோ அவ்விளையாட்டின் அரிச்சுவடியும் தெரியாது. தீர்ப்புக் கூறுமுன் வரலாற்றை அறிவோம் என்று கருதிச் சில திங்கள் படித்தேன். படித்தவற்றுள் நம் காலனி அன்பர்க்குச் சுவை பயக்குமெனத் தோன்றியவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

இவ்வகை விளையாட்டில் ஆடுவோன் தன்னையே கதைத் தலைவனாகக் கொண்டு, ஊர்தோறும் சென்று, மக்களிடம் செய்தி கேட்டு, படைக்கலம் வாங்கி, பகைவரோடு பொருது, வெற்றிதோறும் ஆற்றல் பெருகி, முடிவில் கொடியோன் ஒருவனை அடக்குவான். ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என்பர். நாம் வேட விளையாட்டு எனலாம். ஜப்பானியர் தம் மரபாகப் போற்றும் இதன் பிறந்தகம் ஜப்பான் அன்று, அமெரிக்கா. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு, மேசையைச் சுற்றி நண்பர் பலர் அமர்ந்து ஆடுவது அது. பகடையை ஒருவர் உருட்டும்போது மற்றவர் காத்திருத்தல் இயல்பே. அத்தை மகன் எள்ளிய அந்த 'முறை' இவ்வாறு மேசையில் பிறந்தது. 1981-இல் 'அல்டிமா', 'விசார்ட்ரி' என்னும் இரு விளையாட்டுகள் அம்மேசையைக் கணிப்பொறிக்குள் கொண்டு சென்றன. இவற்றுள் விசார்ட்ரியின் கதை விந்தையானது. அதனை வெளியிட்ட அமெரிக்க நிறுவனம் பின்னாளில் மூடப்பட்டது; ஆயினும் ஜப்பானில் அப்பெயரால் புதிய விளையாட்டுகள் தொடர்ந்து வெளிவந்தன. பிறந்த வீடு பூட்டிய பின்னும் புகுந்த வீட்டில் விளக்கு எரிந்தது.

ஜப்பானுக்கு இதனை உரிமையாக்கியவர் யூஜி ஹோரீ என்பவர். 'ஷோனென் ஜம்ப்' என்னும் சிறுவர் வார இதழில் எழுதி வந்த அவர், 1982-இல் எனிக்ஸ் நிறுவனம் நடத்திய விளையாட்டு நிரல் போட்டியில் பரிசு பெற்றார். கோயிச்சி நகமுரா என்னும் இளைஞரும் அதே போட்டியில் பரிசு பெற்றார். 1983-இல் இருவரும் சான் பிரான்சிஸ்கோ சென்று, ஆங்கு நடந்த கணிப்பொறிக் கண்காட்சியில் விசார்ட்ரியைக் கண்டு மயங்கினர். ஆனால், விசைப்பலகை முழுவதையும் பயன்படுத்தி, கட்டளைகளை மனப்பாடம் செய்து ஆடவேண்டிய அவ்விளையாட்டை, குறுக்குவடிவப் பொத்தான் ஒன்றும் விசைகள் சிலவுமே உடைய நிண்டெண்டோவின் 'பாமிகாம்' பெட்டியில் எங்ஙனம் அடக்குவது? பாமிகாமோ சிறுவர்க்குரியது; பத்து வயதுச் சிறுவனுக்கு இவ்வகை விளையாட்டு இன்னதென்றே தெரியாது.

1986 மே 27 அன்று வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' இவ்வினாவிற்கு விடையாயிற்று. அல்டிமாவிலிருந்து நாடு சுற்றுதலையும் விசார்ட்ரியிலிருந்து போர்முறையையும் எடுத்து, தேவையற்றன யாவற்றையும் ஹோரீ களைந்தார். அதன் முழு அளவு 64 கிலோபைட். இக்காலக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கும் அவ்விடம் போதாது. இட நெருக்கடியால் ஜப்பானியரின் கட்டகானா எழுத்துகள் அனைத்தையும் சேர்க்க இயலவில்லை. சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றால் எழுதத்தக்க பெயர்களையே அரக்கர்க்கும் ஊர்களுக்கும் இட்டனர். எழுத்துக்கேற்பப் பெயர் வைத்த புலமையை நினைக்கும்தோறும் எனக்கு நகையும் மதிப்பும் ஒருங்கே தோன்றுகின்றன.

இவ்விளையாட்டின் தொடக்கத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஆடுவோன் அரசன் அவையில் நிற்கிறான். அவையின் கதவு பூட்டியுள்ளது. அரசனோடு பேசி, பெட்டியைத் திறந்து, திறவுகோலை எடுத்து, கதவைத் திறந்து, படியில் இறங்கினாலன்றி வெளியேற இயலாது. அங்ஙனம் வெளியேறுவதற்குள் பேசுதல், திறத்தல், எடுத்தல், இறங்குதல் என்னும் கட்டளைகள் யாவும் அவனுக்குப் பழகிவிடுகின்றன; பாடம் நடத்தியதாகவே தெரியாமல் பாடம் முடிந்துவிடுகிறது. கோட்டையை விட்டு வெளியே வந்தவுடன், நீருக்கு அப்பால் பகைவனின் கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது. மிக அண்மையில் இருப்பதுபோல் தோன்றினும், நாடு முழுவதும் சுற்றியே அதனை அடைய முடியும். கைவிரைவு இல்லாதவனும் பொறுமையோடு பொருது படிப்படியாக வலிமை பெற்றால் அக்கோட்டையை அடைவான் என்பதே ஹோரீயின் கொள்கை. அக்காலத்துப் பிற விளையாட்டுகளில் கைவிரைவு அற்றவர் சில நொடிகளில் தோற்று வெளியேறினர். அவர்க்கும் இதில் இடம் கிடைத்தது. பிற்காலத்தார் 'பழைய மரபு' என்று ஒதுக்கிய முறைப்போர், 1986-இல் பெரும் புதுமையாக இருந்தது இதனாலேயே.

ஓவியம் அகிரா தோரியாமா. இசை கோயிச்சி சுகியாமா. அரக்கருள் எளியதாகிய சேற்றுருவை ஹோரீ வெறும் குழம்புக் குவியலாக வரைந்து கொடுக்க, தோரியாமா அதனை நீர்த்துளி வடிவில் புன்னகை பூக்கும் உயிராக மாற்றினார். சுகியாமா அப்போது ஐம்பது வயது கடந்த இசையமைப்பாளர். எனிக்சின் சதுரங்க விளையாட்டொன்றைப் பற்றித் தம் கருத்தை அஞ்சலட்டையில் எழுதியனுப்பப் போய், அந்நிறுவனத்தோடு தொடர்பு கொண்டவர். 2017-இல் வந்த பதினோராம் பாகம்வரை இம்மூவரும் பிரியவில்லை. 2021-இல் சுகியாமாவும் 2024-இல் தோரியாமாவும் மறைந்தனர்.

1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, மூன்றாம் பாகம் வெளியான நாளில் மாணவர் பலர் பள்ளிக்குச் செல்லாது கடை வாயில்களில் வரிசையில் நின்றனர். காவலரிடம் பிடிபட்டோரும் பலர். அதன்பின் டிராகன் குவெஸ்டை வேலை நாளில் விற்கலாகாது என்று ஜப்பானில் சட்டமே இயற்றப்பட்டதாக ஒரு கதை உலகெங்கும் உலவுகிறது. அத்தகைய சட்டம் ஏதும் இல்லை. நிறுவனமே விடுமுறை நாள்களைத் தேர்ந்துகொண்டது.

இனி எதிர்த்தரப்பைக் காண்போம். 1987 டிசம்பர் 18 அன்று ஸ்கொயர் நிறுவனம் 'ஃபைனல் ஃபேண்டசி' என்பதனை வெளியிட்டது. அதன் தலைவர் ஹிரோனோபு சகாகுச்சி. இசை நோபுவோ உவேமட்சு. ஓவியம் யோஷிதாகா அமானோ. நிரல் எழுதியவர் ஈரானில் பிறந்த நாசிர் ஜெபெல்லி. டிராகன் குவெஸ்ட் ஒரே வீட்டைப் பழுதுபார்த்து வாழ்ந்ததென்றால், இவ்விளையாட்டு பாகத்திற்குப் பாகம் வீட்டை இடித்துக் கட்டியது. ஒவ்வொரு பாகத்திலும் உலகம் புதிது, மாந்தர் புதியர், விதியும் புதிது. சோக்கோபோ என்னும் பெரும்பறவை, சிட் என்று பெயர் கொண்ட ஒருவன், சில இசைத் துணுக்குகள் ஆகியவையே பாகம்தோறும் மீண்டும் வருவன. 1991-இல் வந்த நான்காம் பாகத்தில் ஹிரோயுக்கி இதோ என்பவர் ஓடும் காலத்தைப் போருக்குள் புகுத்தினார். ஆடுவோன் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பகைவன் அடிப்பான். கார்ப் பந்தயத்தில் வெவ்வேறு விரைவில் ஓடும் வண்டிகளைக் கண்டு அவர்க்கு அக்கருத்து உதித்ததாம். 1997 ஜனவரி 31 அன்று மூன்று குறுவட்டுகளில் வந்த ஏழாம் பாகம், திரைப்படம் போன்ற காட்சிகளால் மேலைநாட்டாரையும் கவர்ந்தது.

புதுமைக்கு விலையும் உண்டு. விளையாட்டைத் திரைப்படமாகவே ஆக்க விரும்பிய சகாகுச்சி, முற்றும் கணிப்பொறியால் வரைந்த படம் ஒன்றை 2001-இல் வெளியிட்டார், பெருநட்டம் விளைந்தது. 2003 ஏப்ரல் 1 அன்று எனிக்சும் ஸ்கொயரும் ஒரே நிறுவனமாயின. போட்டியிட்ட இரு குடும்பங்கள் ஒரு கூரையின்கீழ்ச் சம்பந்திகளாக வாழலாயின. சகாகுச்சி அவ்வாண்டே வெளியேறினார்.

அடுத்த பத்தாண்டில் ஜப்பானிய வேட விளையாட்டு மேலைநாட்டாரின் ஏளனத்திற்கு ஆளாயிற்று. மேலைநாட்டு விளையாட்டுகள் பரந்த நிலவெளிகளையும் விரைந்த போரையும் காட்ட, ஜப்பானியர் இன்னும் முறைவைத்து அடித்துக்கொள்கின்றனர் என்றனர். 'ஜே.ஆர்.பி.ஜி.' என்னும் சுருக்கப்பெயர் தம்மை இழித்துக் கூறுவதாகவே முதலில் தோன்றியதென, பதினாறாம் ஃபைனல் ஃபேண்டசியை உருவாக்கிய நவோக்கி யோஷிதா 2023-இல் வெளிப்படையாகக் கூறினார். அவ்வாண்டு வெளியான அப்பதினாறாம் பாகத்தில் முறைப்போர் அறவே இல்லை. கட்டளைச் சொல்லைத் தேர்ந்து அடிப்பதன் சுவை இளைஞர்க்கு விளங்கவில்லை என்பது அவர் கண்ட காரணம். அத்தை மகன் கட்சி இதுவே.

டிராகன் குவெஸ்டும் இத்தடுமாற்றத்திற்குத் தப்பவில்லை. 2006 டிசம்பரில் ஒன்பதாம் பாகத்தை அறிவித்தபோது, முறைப்போரைக் கைவிட்டு நேரடிப் போரைக் காட்டினர். அன்பர் கொதித்தெழுந்தனர். நிறுவனம் பழைய போருக்கே திரும்பிற்று. 2009-இல் நிண்டெண்டோவின் கையடக்கப் பெட்டிக்கு வெளியான அப்பாகத்தை வெறும் பழமை என்று கூறுவோர் அதனை முழுதும் பாராதவர். பெட்டியைப் பையில் வைத்துத் தெருவில் நடந்தால், எதிரே வருவோரின் பெட்டியோடு அது தானே பேசி, புதையல் வரைபடங்களைப் பரிமாறிக்கொள்ளும். தோக்கியோவின் அக்கிஹபராப் பகுதியில் இதற்கென்றே மக்கள் கூடி நின்றனர். போரை மாற்றாமல், விளையாட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தது அப்பாகம். என்னளவில், ஏழாம் ஃபைனல் ஃபேண்டசியின் காட்சிகளைவிட இதுவே துணிந்த புதுமை. பேரனின் தந்தை இதை ஒப்புவதில்லை.

ஜப்பானில் இசே என்னும் ஊரிலுள்ள பெருங்கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புது மரத்தால், அதே வடிவில், அண்மையிலுள்ள மனையில் மீண்டும் கட்டுவர். அறுபத்திரண்டாம் முறை 2013-இல் நிகழ்ந்தது. அக்கோயில் பழையதா, புதியதா என்றால் யாது கூறுவது? 2024 நவம்பரில் மூன்றாம் டிராகன் குவெஸ்ட் இவ்வாறே மீண்டும் கட்டப்பெற்றது. கட்டம் கட்டமான பழைய உருவங்கள் அப்படியே நிற்க, அவற்றைச் சூழ்ந்து ஒளியும் நிழலும் ஆழமும் புதியனவாய் அமைந்தன. எங்கள் வீட்டு வழக்கிற்குக் காரணமான விளையாட்டு அதுவே.

வரலாறு வேறு வேடிக்கைகளையும் காட்டியது. 2005 முதல் தெருச்சண்டைக்கே பெயர்பெற்ற 'யாக்குசா' வரிசையினர், 2019 ஏப்ரல் முதல் நாளில், முட்டாள்கள் தினக் கேலியாக முறைப்போர்க் காட்சி ஒன்றை வெளியிட்டனர். மக்கள் அதனை விரும்பவே, 2020-இல் வந்த அடுத்த பாகம் மெய்யாகவே முறைப்போராயிற்று. அதன் தலைவன் டிராகன் குவெஸ்ட் ஆடி வளர்ந்தவனாம்! புதுமைக்குத் தந்தையாகிய சகாகுச்சியோ, தம் ஆறாம் ஃபைனல் ஃபேண்டசியை மீண்டும் ஆடிப் பார்த்து, வேரை நோக்கித் திரும்ப விழைந்தார். 2021-இல் அவர் வெளியிட்ட 'ஃபேண்டசியன்' முறைப்போரே. ஆனால் அதன் ஊர்களும் காடுகளும் கைவினைஞர் மெய்யாகவே செய்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிற்றுருவ அரங்குகளைப் படம்பிடித்தவை. 2025-இல் பிரான்சு நாட்டார் படைத்த 'கிளேர் அப்ஸ்கூர்', ஜப்பானியரிடம் கற்ற முறைப்போரில், பகைவன் அடிக்கும் கணத்தில் தடுக்கும் விரைவையும் சேர்த்து உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவிலிருந்து வந்த விருந்து, ஜப்பானில் குடியேறி, இப்போது பிரான்சிற்கும் மணமுடித்துச் சென்றுள்ளது.

தீர்ப்புக் கூறுமுன் நானும் ஆடிப் பார்த்தேன். அத்தை மகன் தந்த நேரடிப் போர் விளையாட்டில் எந்த விசை எதற்கென்று அறியுமுன்னரே பன்முறை மாண்டேன். எழுபத்திரண்டு வயது விரல்கள் அவ்விரைவுக்கு ஈடுகொடுக்கவில்லை. பேரனுடைய விளையாட்டில் பகைவன் எனக்காகக் காத்து நின்றான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சொற்களைப் பேரனைப் படிக்கச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தேன். நீர்த்துளிச் சேற்றுரு ஒன்று மாண்டது. இருவரும் கைதட்டினர். ஆகவே நான் நடுநிலை உடையவன் அல்லன் என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.

அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று முதலிரு பாகங்களும் அதே புதுக்கோலத்தில் வெளிவந்தன. நவம்பர்த் திங்களில் ஒருநாள் அத்தை மகனே முதற்பாகத்தைத் தொடங்கினான். கோட்டையை விட்டு வெளியே வந்தவுடன், நீருக்கு அப்பால் தெரிந்த மற்றொரு கோட்டையைக் காட்டி, அங்குப் போகப் படகு எங்கே கிடைக்கும் என்று பேரனைக் கேட்டான்.