கல்கியின் நாவல்களும் கதைசொல்லியின் குரலும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்தது மண்டூர். இப்பிரதேசத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலே பாத்திரத்தின் வரவை அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் பாடி அறிவிப்பர். கூத்தர் ஆடுகையிலும் அண்ணாவியார் களரியை விட்டு அகல்வதில்லை. மத்தளத்தோடு நடுவிலேயே நிற்பார். இவ்வழக்கிற் பழகிய நாம், கல்கியின் நாவல்கள் மேடைக்கும் திரைக்கும் ஒலிக்கும் சென்ற வரலாற்றை நோக்குமிடத்து, கதை எவ்வளவு சுருங்கியது என்பதினும் கதைசொல்லி எங்கே போனார் என்பதே முதல் வினாவாகின்றது.

‘தியாகபூமி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபொழுதே கே. சுப்பிரமணியத்தின் நெறியாள்கையிற் படமாகிக் கொண்டிருந்தது. படத்தின் காட்சிகளே தொடருக்குச் சித்திரங்களாக அச்சேறின. 1939இல் வெளிவந்த அப்படத்தைப் பின்னர்ப் பிரித்தானிய அரசு தடைசெய்தது. இங்கு நாவலும் படமும் உடன்பிறப்புகள். தழுவல் என்ற சொல்லே முழுதும் பொருந்தாது. ‘கள்வனின் காதலி’யோ டி.கே.எஸ். சகோதரரின் நாடகமேடையைக் கண்டது. கல்கி மறைந்த மறுவருடம், 1955இல், திரைப்படமுமாயிற்று. ‘பார்த்திபன் கனவு’ 1960இல் படமாகியது. (ஈழத்திலே செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இற் படமானமை தனியே ஆராயத்தக்கது.)

‘பொன்னியின் செல்வன்’ நெடுங்காலம் காத்திருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ஐந்து பாகங்களாக வளர்ந்த அந்நாவலைப் படமாக்க எம்.ஜி.ஆர். 1958இல் முயன்றார், நிறைவேறவில்லை. 1999இல் சென்னையிலே மேஜிக் லாண்டர்ன் குழுவினர் அதனை மேடையேற்றினர். மணிரத்னத்தின் இரு படங்கள் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளியாயின.

கல்கி வாசகரை விளித்துப் பேசுபவர்; கதையை நிறுத்திச் சரித்திரம் சொல்பவர்; அத்தியாயத்தைத் திடுக்கிடும் இடத்தில் முடித்து அடுத்த வாரம்வரை காக்கவைப்பவர். மேடையும் திரையும் பாத்திரங்களைத் தந்தன. இக்குரலைப் பெரும்பாலும் இழந்தன. 2022ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்திற் கமல்ஹாசனின் குரல் கதையை அறிமுகஞ் செய்கின்றது. பின்னர்க் காட்சிகளே கதையை நடத்துகின்றன. இதனைக் குறையென யாம் கூறவில்லை. ஐந்து பாகங்களை இரு படங்களில் அடக்குவோர் முதலில் விடக்கூடியது அதுவே.

ஒலிநூலின் நிலை வேறு. பம்பாய் கண்ணன் பல குரல்களைக் கொண்டு உருவாக்கிய ‘பொன்னியின் செல்வன்’ ஒலிநூலில், உரையாடல்களுக்கிடையே ஆசிரியர் கூற்றும் வாசிக்கப்படுகின்றது. வந்தியத்தேவன் பேசி முடித்ததும் கல்கி குறுக்கிடுகின்றார். கேட்கும்போது எமக்கு மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரே நினைவுக்கு வருகின்றார்.