வாய்ப்பூட்டு மன்றம்

சட்டம் செய்வதற்கென்றே ஒரு மன்றம். ஆனால் அங்கே அமர்ந்தோர் ஆட்சியை நோக்கி "ஏன்?" என்று கேட்கக் கூடாது, கேட்டால் அது விதிக்குப் புறம்பு! இப்படியும் ஒரு மன்றம் இருந்திருக்குமோ என்று ஐயுற வேண்டாம். இருந்தது. விக்டோரியா அரசியார் முடிதாங்கிய நாளில், நம் சென்னையிலே இருந்தது. 1861இல் பிறந்த சட்டத்தால் அமைந்து, 1892இல் வேறொரு சட்டம் வரும்வரை அப்படியே இருந்தது. விழுப்புரத்து உழவனும் திண்டிவனத்து வணிகனும் எந்தெந்தச் சட்டத்துக்குத் தலைவணங்க வேண்டும் என்று அம்மன்றம் விதித்தது. அவர்களோ, அங்கே ஒருவரைத் தேர்ந்தனுப்பும் உரிமை பெற்றாரில்லை.

பள்ளியிலே சரித்திரம் நடத்துகையில், '1861ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம்' என்று ஒரு வரி வரும். மாணவர் அடிக்கோடிடுவர், தேர்வில் எழுதுவர், மறப்பர். அந்த ஒரு வரிக்குள்ளே அடைபட்டுக் கிடக்கும் கதையைத்தான் நாம் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கதையின் நாயகர் கஜுல லட்சுமிநரசு செட்டியார், சென்னை வணிகர். 1844இல் 'கிரசென்ட்' என்னும் ஏட்டைத் தொடங்கினார்; 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தைக் கண்டார். அந்நாளில் நிலவரி தண்டுவது எப்படித் தெரியுமா? வரி பாக்கி வைத்த குடியானவனின் விரல்களைக் 'கிட்டி' என்னும் மரக்கருவியில் இட்டு நெரிப்பார்கள். உடலை வளைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலிலே நிறுத்துவார்கள். வெள்ளையன் பெயரால் ஆட்சி. கொடுமையை நிறைவேற்றிய கைகளோ பெரும்பாலும் நம்மவர் கைகளே!

செட்டியார் வாளாவிருக்கவில்லை. சங்கத்தின் சார்பில் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார். 1853இல் பார்லிமெண்ட் உறுப்பினர் டான்பி செய்மர் சென்னை வந்தபோது, அவரைக் கடலூர் முதலிய ஊர்களுக்கு அழைத்துச் சென்று குடிமக்கள் படும் பாட்டை நேரிலே காட்டினார். 1854இல் இலண்டன் காமன்ஸ் சபையிலே கேள்வி எழுந்தது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை, சித்திரவதை நடந்தது மெய்யே என்று ஒப்பியது. பல்லாயிரம் கல்லுக்கு அப்பால் ஒரு மன்றத்திலே கேட்கப்பட்ட கேள்வி, தென்னார்க்காட்டுக் குடியானவனின் விரலைக் காக்க வந்தது. கேள்விக்கு உள்ள ஆற்றல் அத்தகையது!

ஆற்றலை அறிந்தவர்கள் ஆளவந்தார்களும்தான். 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் சென்னையின் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பறித்துக் கல்கத்தாவிலே குவித்திருந்தது. 1853க்குப் பின் கல்கத்தாவில் அமைந்த சட்டசபையில் இந்தியர் ஒருவரும் இல்லை. இருந்தும் அது பார்லிமெண்டைப் போலவே நடக்கத் தலைப்பட்டது; அரசின் செயலைத் துருவித் துருவிக் கேட்டது. இலண்டனில் இந்திய மந்திரியாயிருந்த சர் சார்லஸ் உட் முகம் சுளித்தார். விளைவு, 1861ஆம் ஆண்டுச் சட்டம். அது ஒரு கையால் சென்னைக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைத் திருப்பித் தந்தது; மறு கையால் மன்றத்தின் வாயைப் பூட்டியது.

பூட்டு எப்படிப்பட்டது என்று பாருங்கள். தலைமை வகிப்பவர் கவர்னர். அவருடைய நிர்வாக சபையினர் உடனிருப்பர். அட்வகேட் ஜெனரல் ஒருவர். இவர்களுக்கு மேல், நான்குக்குக் குறையாமலும் எட்டுக்கு மிகாமலும் கூடுதல் உறுப்பினர். அவர்களில் பாதிப்பேராவது அரசு ஊழியர் அல்லாதவராய் இருத்தல் வேண்டும். யார் பொறுக்குவது? கவர்னரே பொறுக்குவார், ஈராண்டுக்கு. முன்வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டுமே பேசலாம். வரவு செலவு பற்றி வாய் திறக்கலாகாது. நிர்வாகத்தைப் பற்றி வினவலாகாது. முக்கியமான பல பொருள்களில், மசோதா கொண்டுவரவே கவர்னர் ஜெனரலின் முன் அனுமதி வேண்டும். நிறைவேறினாலும் கவர்னர் ஒப்ப வேண்டும். பின் கவர்னர் ஜெனரல் ஒப்ப வேண்டும். அதன் பின்னும் அரசியார் பெயரால் இலண்டன் அதைத் தள்ளிவிடலாம். பேசப்படுவதெல்லாம் ஆங்கிலம். கோட்டைக்குள் ஒரு கொலு!

இந்தக் கொலுவிலே முதல் இந்திய உறுப்பினர் வழக்கறிஞர் வி. சடகோபாச்சார்லு. அவர் மறைந்தபின் 1863இல் அமர்த்தப்பட்டவர் யார்? சித்திரவதையை உலகறியச் செய்த அதே லட்சுமிநரசு செட்டியார்! மன்றத்துக்கு வெளியே நின்றபோது இலண்டனையே கேள்வி கேட்க வைத்தவர், மன்றத்துக்குள்ளே வந்தபோது ஒரு கேள்வியும் கேட்க விதியில்லை. நாற்காலி தந்தனர்; நாவை வாங்கிக்கொண்டனர். 1868இல் அவர் மறைந்தார்.

வரி வாங்கும் சட்டங்களுக்கு மட்டும் தடையில்லை. 1864ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம், வருவாய் வசூல் சட்டம்: பாக்கிக்காக ஆடுமாட்டை ஜப்தி செய்யலாம், நிலத்தை ஏலமிடலாம், வேண்டுமென்றே கட்டாதவன் என்று கருதினால் சிறையிலும் அடைக்கலாம். கிட்டி போன இடத்திலே சட்டப் புத்தகம் வந்தமர்ந்தது! தலைப்பிலே 'தமிழ்நாடு' என்ற பெயரைத் தாங்கி, திருத்தங்களுடன் இன்றும் அச்சட்டம் உயிரோடிருக்கிறது.

1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். அந்த நாட்களில்தான் தென்னிந்திய இருப்புப் பாதை திண்டிவனம், விழுப்புரம் வழியாகக் கடலூரை எட்டியது. பாதை வந்தது, பசி போகவில்லை. 1877 தொடக்கத்தில், நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று குறைக்கச் செய்தார், கல்கத்தா அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள். அது உயிர்தாங்கப் போதாது என்று வாதாடியவர் சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். அவரோ அரசு ஊழியர். குடிமக்கள் இலட்சக்கணக்கில் மடிந்த அவ்வேளையில், சட்டசபை உறுப்பினர் எவரும் எழுந்து "இந்தக் கூலியை நிர்ணயித்தது எந்தக் கணக்கில்?" என்று கேட்க விதி இடந்தரவில்லை.

வெள்ளையன் இட்ட பூட்டைச் சொன்னோம். நம் சாதிப் பூட்டையும் சொல்லியாக வேண்டும். 1816ஆம் ஆண்டின் 11ஆவது ரெகுலேஷன், சிறு குற்றத்துக்கு 'தாழ்ந்த சாதி'யானைத் தொழுமரத்தில் மாட்டிவைக்கக் கிராமத் தலைவனுக்கு அதிகாரம் தந்தது. பிறருக்கு அத்தண்டனை இழிவாம்! விக்டோரியா காலம் முழுவதும் அவ்விதி நின்றது. திண்டிவனத்தை அடுத்த செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹீர், 1891இல் சேரி மக்களின் நிலமின்மையை அறிக்கையாக்கினார். அதனைப் பற்றிய பேச்சும் இலண்டன் பார்லிமெண்டிலே எழுந்தது. 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணை, அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. சென்னை மன்றத்தில் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை.

அதே 1892இல் பூட்டு சற்றே தளர்ந்தது. கேள்வி கேட்கலாம், முன்னறிவிப்பு வேண்டும், துணைக் கேள்வி கூடாது. வரவு செலவைப் பேசலாம், வாக்களிக்கக் கூடாது. உறுப்பினரை ஜில்லா போர்டு, நகரசபை, பல்கலைக்கழகம் முதலியவை 'பரிந்துரைக்கும்'; கவர்னர் நியமிப்பார். 'தேர்தல்' என்ற சொல்லையே சட்டம் தவிர்த்தது!

விழுப்புரத்துக்குக் கிழக்கே இருபத்தைந்து கல் தொலைவில் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சி அங்கே 1879இல் பொதுச்சபை அமைத்தது. ஆடவர்க்கெல்லாம் வாக்குரிமை இருந்தது. விழுப்புரத்திலிருந்து அவ்வூருக்கு இரயில் ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டே. ஆயினும் ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், நம்மவருக்கு வேறு பட்டியல். தேர்தலிலோ தடியும் மோசடியும்! வாக்குச்சீட்டு மட்டும் விடுதலை தந்துவிடாது, வினவும் அறிவும் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

1920இல் சென்னை மாகாணத்தில் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம், சொத்துள்ளோர் மட்டுமே. 1947இல், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரின் உழவர் குடியில் பிறந்த இராமசாமி ரெட்டியார் மாகாண முதலமைச்சரானார். அவர் ஆட்சியிலே தேவதாசி ஒழிப்புச் சட்டமும் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின. 1952இல் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்தனர். திண்டிவனம் மக்களவைத் தொகுதி இருவரை அனுப்பியது, ஓரிடம் தாழ்த்தப்பட்டோருக்குரியது. தொழுமரம் நின்ற மண்ணிலே வாக்குப்பெட்டி வந்தது.

இளைஞர்காள்! இன்று சட்டமன்றத்திலே கேள்வி நேரம் உண்டு. ஊரிலே கிராமசபை உண்டு. தகவல் கேட்டு மனுப்போட 2005 முதல் சட்டமும் உண்டு. லட்சுமிநரசு செட்டியாருக்கு மன்றத்தில் இல்லாத உரிமை, நம் சேரியின் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு இன்று இருக்கிறது. அவள் ஊர்க் கூட்டத்திலே எழுந்து நின்று கணக்குக் கேட்கும்போது, "உட்கார்" என்று அதட்டுபவன் எவனோ, அவன் கையிலேதான் 1861இன் பூட்டு இருக்கிறது. அவளுக்குப் பக்கத்திலே நாம் எழுந்து நிற்போம்.