ஒரு கித்தான், இரண்டு தூரிகைகள் – 2

சென்ற வாரம் உங்களை விழிஞ்ஞம் குடைவரையின் வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். எட்டாம் நூற்றாண்டுக் கோயில் அது. ஆய் அரசர்களின் துறைமுக ஊரில் பாறையைக் குடைந்து எடுத்த சின்னஞ்சிறு கருவறை, அதற்குள் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் சிவனும் பார்வதியும் பாதி செதுக்கிய நிலையிலேயே நிற்கிறார்கள். உளி பிடித்தவர் ஒருவரா, இருவரா, ஒரு கூட்டமா? எங்கும் பெயர் இல்லை. ஆனால் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து படம் எழுதினார்கள். அதில் ஒருவர் பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. மற்றவர் பெயர் எங்கே போனது?

விழிஞ்ஞத்திலிருந்து வடக்கே போனால் கிளிமானூர். அங்குள்ள அரண்மனையில் 1848 ஏப்ரல் 29 அன்று ரவிவர்மா பிறந்தார். தம்பி சி. ராஜராஜவர்மா பிறந்தது 1860இல். தங்கை மங்களாபாயும் ஓவியர்தான். தஞ்சாவூர்ப் பாணியில் படம் எழுதிய தாய்மாமனிடம் ரவிவர்மாவுக்கு முதல் பாடம் கிடைத்தது.

இரண்டாவது பாடம் அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. பதினான்கு வயதில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு அவரை மாமன் அழைத்துப் போனார். எண்ணெய் வண்ணம் நம் நாட்டுக்குப் புதிது. அங்கே அது தெரிந்தவர் மதுரையிலிருந்து வந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் ஒருவரே. அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை மட்டும், குருவுக்குத் தெரியாமல் வந்து, வண்ணம் கலக்கும் முறையை இளைஞனுக்குக் காட்டிக்கொடுத்தார். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள அனுமதித்தார், அவ்வளவுதான்.

இப்படிக் கதவை மூடிக்கொண்ட குருமார்களிடம் கலையைப் பொறுக்கிச் சேர்த்த மனிதர், தனக்கு ஒரு தம்பி கிடைத்தபோது என்ன செய்தார் என்பதுதான் என்னை இந்தத் தொடரை எழுத வைத்தது. அவர் கதவைத் திறந்தார். கற்றதைத் தம்பிக்குக் கற்றுக்கொடுத்ததோடு நிற்காமல், தன் கித்தானிலேயே அவருக்கு இடம் ஒதுக்கினார்.

1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து வந்த விசாகம் திருநாளோடு ரவிவர்மாவுக்கு ஒத்துப்போகவில்லை. சொந்த ஊரில் ஆதரவு இல்லாமற்போன நேரத்தில் பரோடாவிலிருந்து அழைப்பு வந்தது. அனுப்பியவர் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் திவானாக இருந்து, அப்போது பரோடாவின் திவானாக இருந்த மாதவராவ். 1881இல் சாயாஜிராவ் கெய்க்வாட் முழு அதிகாரத்தோடு பட்டமேற்கும் விழா. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே கிளம்பினார்கள்.

1888இல் அதே பரோடா அரசர் பதினான்கு புராண ஓவியங்கள் கேட்டார். உடனே தூரிகையைத் தொடவில்லை; இருவரும் வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். சீதைக்கும் தமயந்திக்கும் எந்த உடை உடுத்தினால் நாடு முழுவதும் ஏற்கும் என்பது அவர்களின் கவலை. கடைசியில் புடவையில் வந்து நின்றார்கள். இன்று நம் மனக்கண்ணில் லட்சுமியும் சரஸ்வதியும் புடவையோடு தோன்றுவதில் அந்தப் பயணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஓவியங்கள் முடிந்து பரோடாவுக்குப் புறப்படுவதற்கு முன் திருவனந்தபுரத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

சரி, யார் எதைத் தீட்டினார்? முகமும் உடலும் அண்ணன் கை. தம்பியின் பலம் இயற்கைக் காட்சி. பல படங்களில் பின்புலத்து மரமும் மலையும் நீரும் வானமும் அவருடையவை. இது வெறும் ஊகமல்ல. 1895 முதல் 1904 வரை தம்பி ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார். எர்வின் நோய்மாயரும் கிறிஸ்டின் ஷெல்பெர்கரும் பதிப்பித்து அது 2005இல் நூலாக வந்தது. ஒரே படத்தில் இருவரும் வேலை செய்ததை அதில் காணலாம். பம்பாயில் பார்த்த நாடகம், படத்துக்கு முன்மாதிரியாக உட்கார்ந்தவர்கள், சமஸ்தானங்களோடு நடந்த பேச்சு எல்லாம் அதில் உண்டு. அண்ணனைவிடத் தம்பிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆகவே கடிதப் போக்குவரத்து, பயண ஏற்பாடு, வரவு செலவு எல்லாம் அவர் தலையில்.

பின்புலம் தீட்டுவது உதவியாள் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். சகுந்தலைக்குப் பின்னால் காடு இல்லாவிட்டால் அவள் ஆசிரமத்துப் பெண் என்று எதைக்கொண்டு நம்புவோம்? 1967இல் லண்டன் கலைப்பள்ளி ஒன்றில் சந்தித்த கில்பர்ட்டும் ஜார்ஜும் இருவரும் ஒரே கலைஞர் என்று அறிவித்து வாழ்ந்து காட்டினார்கள். டெல்லியில் துக்ராலும் தாக்ராவும் இரண்டு பெயரையும் சேர்த்தே கையெழுத்தாக்கிக்கொண்டார்கள். 2012இல் கொச்சி பியனாலேயைத் தொடங்கிய போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் இணைந்தே பொறுப்பேற்றார்கள். கிளிமானூர்ச் சகோதரர்களுக்கு அந்த வழக்கம் வாய்க்கவில்லை. திருவனந்தபுரத்தில் 2023இல் திறந்த ரவிவர்மா ஓவியக்கூடத்தில் தம்பியின் படங்களும் இருக்கின்றன. கூடத்தின் பெயர் மட்டும் அண்ணனுடையது. இருவர் கையும் பட்டது உறுதியான படங்களின் கீழே இரண்டு பெயரையும் எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை.

1894இல் இருவரும் பம்பாயில் அச்சகம் தொடங்கினார்கள். ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் தொழிலாளர்கள், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். அரண்மனைச் சுவரில் இருந்த தெய்வங்கள் எளியவர் வீட்டுப் பூஜை அறைக்கு வந்தது அந்தக் கற்களின் வழியாகத்தான். 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் புகுந்தது. நகரத்தைவிட்டு மக்கள் ஓடினார்கள். லோனாவாலா அருகே மளவலிக்கு அச்சகத்தை மாற்றியும் கடன் அடங்கவில்லை. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஷ்லைஷரிடமே அதை விற்றார்கள்.

1904இல் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் வந்தது. அதில் 'ராஜா ரவிவர்மா' என்று ஒரே பெயர். அதே காலத்தில் மைசூர் அரசர் ஒன்பது புராண ஓவியங்கள் கேட்டிருந்தார். பரோடாவுக்குப் பிறகு வந்த பெரிய பணி. அண்ணனுக்கு வயது ஐம்பத்தாறு. அந்த நேரத்தில்தான் தம்பி நோயில் விழுந்தார். நாட்குறிப்பு 1904ஓடு நிற்கிறது. 1905 ஜனவரியில் ராஜராஜவர்மா காலமானார்.

அண்ணன் அதற்குப் பிறகு உயிரோடு இருந்தது 21 மாதங்கள். தம்பி இல்லாத அந்தக் காலத்தில் மைசூர் ஓவியங்கள் என்னவாயின?

(அடுத்த வாரம்)