அந்நிய நகரில் யார் பிணை?

மாமல்லபுரத்தில் உளியோசை ஓயாத சிற்பக் கூடங்களைக் கடந்து கடற்கரைக் கோயிலை நோக்கி நடக்கும்போதெல்லாம் ஒரு காட்சி நம் கண்ணில் படுவதுண்டு. வெளிநாட்டுப் பயணி ஒருவர், முதுகில் தொங்கவேண்டிய பையை மார்பில் மாட்டி, இரு கைகளாலும் அணைத்தவாறு நடப்பார். பாசிமணி விற்கும் பெண் அருகே வந்தால் ஓரடி விலகுவார். 'நம்மைக் கள்வர் என்றல்லவா எண்ணுகிறார்!' என்று நம்மவர்க்குச் சற்று மனத்தாங்கல் உண்டாகும். ஆனால் உரோமைக்குத் திருப்பயணம் சென்று திரும்பிய நம் பங்கு மக்களைக் கேட்டுப் பாருங்கள். தெர்மினி இரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64ஆம் எண் பேருந்தில் ஏறுமுன், பணப்பையைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி வழிகாட்டி எச்சரித்த கதையைச் சொல்வார்கள். புனித பேதுருவின் கல்லறையை நோக்கிச் செல்லும் வழியிலும் நம் கை பையை விட்டு அகலுவதில்லை.

கடவுச்சீட்டுக்கு நகல் எடுத்துக்கொள், பணத்தை ஓரிடத்தில் வைக்காதே, இருட்டிய பின் தனியே திரியாதே என்று சுற்றுலாக் கையேடுகள் கூறும் அறிவுரை யாவும் நல்லனவே. அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு வினா முன்வந்து நிற்கிறது. மொழி தெரியாத, முகம் தெரியாத ஒரு மாநகரில் வந்து இறங்கியவனுக்கு யார் பிணை நின்றார்கள்? அவன் பிழைத்ததும் மாய்ந்ததும் பெரும்பாலும் இதற்குக் கிடைத்த விடையைப் பொறுத்தே அமைந்தன.

இவ்வினாவை எழுப்ப மாமல்லபுரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. கடல்மல்லை என்ற பெயரில் ஆழ்வார் பாடல்களில் இடம்பெற்ற துறைமுகம் இது. ஐரோப்பிய மாலுமிகள் இக்கரையை 'ஏழு கோபுரங்கள்' என அழைத்து, திசையறியும் அடையாளமாகக் கொண்டனர். குன்றின் மேலுள்ள பல்லவர் காலத்து ஒலக்கணேசுவரர் கோயிலின் உச்சியில் 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்காக விளக்கேற்றினார்கள்; இன்றைய கலங்கரை விளக்கம் அதன் அருகே பின்னர் எழுந்தது. 720ஆம் ஆண்டில் தென்னிந்திய மன்னன் ஒருவனிடமிருந்து தூதர் வந்ததாகச் சீன அரச ஏடுகள் குறிக்கின்றன. அம்மன்னன் கடற்கரைக் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவனே என்பது ஆய்வாளர் கருத்து. ஏறத்தாழ 1300 ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபரில், சீன அதிபர் சி சின்பிங் அதே கோயில் முன் வந்து நின்றார். ஆயிரக்கணக்கான காவலர் அவருக்குக் காவல் நின்றனர். ஓர் அரசே பிணை நின்ற விருந்தாளி அவர். அப்படி யாரும் இல்லாத எளிய பயணியைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சோழமண்டலக் கரைக்கு வந்த வெனிசு நகர் மார்க்கோ போலோ, இதனை 'மாபார்' என்று குறிப்பிடுகிறார். இங்குக் கண்ட ஒரு வழக்கம் அவரை வியப்பில் ஆழ்த்தியது. கடன் கொடுத்தவன், பலமுறை கேட்டும் தராத கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிட்டால், கடனைத் தீர்க்காமலோ தக்க பிணை கொடாமலோ அவன் அவ்வட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மரண தண்டனை. ஒரு நாள் குதிரை மீது சென்ற அரசனையே, அவனிடம் பணம் பெறவேண்டியிருந்த அயல்நாட்டு வணிகன் ஒருவன் குதிரையோடு சேர்த்து வட்டத்துக்குள் நிறுத்திவிட்டானாம். கடன் தீரும்வரை அரசன் அசையவில்லை. இதனைத் தாமே கண்டதாகப் போலோ எழுதுகிறார். அவர் எழுத்தில் மிகை உண்டு என்பதை நாம் அறிவோம். ஆனாலும், அயலான் ஒருவன் மண்ணில் இழுத்த கோடு அந்நாட்டு மன்னனைக் கட்டிப்போட்டது என்னும் செய்தியை மறக்க மனம் வரவில்லை.

எல்லாக் கரைகளும் இப்படி இருந்தன அல்ல. புயலில் சிக்கி ஒதுங்கிய கப்பலின் சரக்கெல்லாம் கடவுள் அனுப்பிய கொடை என்று கூறிப் பறித்துக்கொள்ளும் வழக்கம் மேற்குக் கரையில் இருந்ததையும் அதே போலோ பதிவு செய்கிறார். நமக்கு வடக்கே, ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறையில், காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டில் ஒரு கல்வெட்டை நாட்டினான். முன்னைய அரசர்கள் கரையொதுங்கிய கப்பல்களிலிருந்து பொன்னும் யானையும் குதிரையும் மணியும் வலிந்து கவர்ந்தனர். நாமோ உயிரையே பணயம் வைத்துக் கடல் கடந்து வருவோர் மீது இரக்கம் கொண்டு, உரிய சுங்கம் தவிர வேறொன்றும் கொள்ளமாட்டோம் என்பது அதன் சாரம். சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. அதற்கு 'அபயசாசனம்' என்று பெயர். 'அஞ்சாதே' என்ற ஒரு சொல்லைக் கல்லில் வெட்டித் துறைமுகத்தில் நிறுத்தினான் எனலாம். வணிகர் வந்தால் சுங்கம் பெருகும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். இருக்கட்டுமே! கணக்கோடு கூடிய இரக்கமும் கப்பல்காரனைக் காக்கத்தான் செய்தது.

இனி நம்மவர் அந்நிய நகரில் எவ்வாறு வாழ்ந்தனர் என்று பார்ப்போம். சீனத்தின் தென்கிழக்குக் கரையில் சுவான்சௌ என்ற மாநகர் உள்ளது. அரபு வணிகர் அதனைச் சைத்தூன் என்றனர். அக்காலத்தில் உலகின் பெருந்துறைமுகங்களுள் அது ஒன்று. அங்கே தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு ஒன்று சென்ற நூற்றாண்டில் கிடைத்தது. காலம் சக ஆண்டு 1203, அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் அந்நகரில் சிவபெருமானின் திருவுருவத்தை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பவை அதிலுள்ள இரு குறிப்புகள். இத்திருப்பணி செகசைகானின் திருமேனி நலத்துக்காகச் செய்யப்பட்டது என்பது ஒன்று. அவருடைய 'பர்மான்' படி, அதாவது ஆணையின்படி செய்யப்பட்டது என்பது மற்றொன்று. மங்கோலிய ஆட்சியாளரின் பாரசீகச் சொல் தமிழ் எழுத்தில் நிற்கிறது. ஆள்பவரின் அனுமதியைப் பெற்றார்கள். அவருடைய நலனுக்காகத் தம் இறைவனிடம் வேண்டினார்கள். அதைத் தம் மொழியிலேயே எழுதிவைத்தார்கள். ஒளிந்து வாழ்வதைக் காட்டிலும் 'நாங்கள் இன்னார்' என்று அறிவித்து வாழ்வதே காப்பு என்று கண்டவர்கள் அவர்கள். பாபிலோனில் சிறையிருந்த மக்களுக்கு, அந்நகரின் நலனுக்காக மன்றாடுமாறு எரேமியா இறைவாக்கினர் எழுதியனுப்பிய மடல் நம் வாசகர்க்கு நினைவு வரும்.

அச்சீன நாட்டையே பயணிகளுக்கு மிகவும் பாதுகாப்பான நாடு என்று புகழ்ந்தவர் மொரோக்கோ நாட்டு இபன் பதூதா. ஒவ்வொரு சத்திரத்திலும் ஓர் அதிகாரி இரவில் வந்து, தங்குவோர் அனைவரின் பெயரையும் எழுதிக்கொண்டு கதவைப் பூட்டி முத்திரையிடுவாராம். விடிந்ததும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்த்து, அடுத்த சத்திரம் வரை துணைக்கு ஆள் அனுப்பி, அனைவரும் சேர்ந்தனர் என்ற சான்றையும் பெற்றுக்கொள்வாராம். நகரில் தங்கும் வணிகன் தன் பணத்தை விடுதிக்காரரிடம் ஒப்படைப்பான். கணக்குக் குறைந்தால் விடுதிக்காரரே ஈடு செய்யவேண்டும். பிணை என்பது இதுவே. அவர் சீனத்தில் எவ்வளவு தூரம் சென்றார் என்பதில் அறிஞரிடையே ஐயம் உண்டு. ஆனால் இந்த ஏற்பாட்டின் அருமை அவருக்கு ஏன் புரிந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்குமுன், நம் மாபார்க் கரையிலிருந்து கப்பலேறி மேற்குக் கரை வழியே சென்றபோது, பன்னிரண்டு மரக்கலங்களில் வந்த கொள்ளையர் அவரை வளைத்துக்கொண்டனர். இலங்கை மன்னன் தந்த மணிகள் உட்பட யாவும் போயின. உடுத்தியிருந்த கால்சட்டை ஒன்றே மிச்சம்!

நம் திருச்சபையின் மறைபரப்பாளர்களும் இதே கடல்வழியில் சென்றனர். பிரான்சிஸ்கன் துறவி மொந்தே கொர்வீனோ யோவான், 1291 அளவில் மயிலையில் திருத்தூதர் தோமாவின் ஆலயத்தில் பதின்மூன்று மாதங்கள் தங்கி ஏறக்குறைய நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். உடன் வந்த தோமினிக்கன் துறவி பிஸ்தோயா நகர் நிக்கோலாஸ் அங்கேயே இறந்து, அவ்வாலயத்தில் அடக்கமானார். பின்னர் யோவான் சீனப் பேரரசின் தலைநகரான காம்பலூக்கை, இன்றைய பெய்ஜிங்கை, அடைந்தார். அங்கே அவருக்கு நேர்ந்தது என்ன? திருத்தந்தையின் தூதர் என்பது பொய், இவர் ஓர் ஒற்றர்; உண்மையான தூதரைக் கொன்று அவர் பொருளைக் கவர்ந்தவர் என்று பழி சுமத்தினார்கள். சுமத்தியோர் பிற சமயத்தார் அல்லர், நெஸ்தோரியக் கிறிஸ்தவர்கள். இதனை எழுத நமக்கு வருத்தமே. ஆயினும் அவருடைய மடலே கூறுவதை மறைப்பதற்கில்லை. இழிவான சாவை எதிர்நோக்கி அவர் பலமுறை விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். ஐந்தாண்டுகள் இது நீடித்தது. இறுதியில் ஒருவன் உண்மையை ஒப்புக்கொண்டதால் பேரரசர் அவரது மாசின்மையை அறிந்தார். அந்நகரில் அவருக்குத் தோள்கொடுத்தவர் லுக்காலொங்கோ ஊர்ப் பேதுரு என்ற பெருவணிகர். பாரசீகத்திலிருந்தே துணையாக வந்த அவர், 1305இல் ஆலயத்துக்கான நிலத்தைத் தம் பணத்தில் வாங்கிக் கொடுத்தார்.

அத்தகைய துணை கிட்டாதவர்களும் உண்டு. 1321இல் மும்பைக்கு அருகிலுள்ள தாணே நகரில் நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள் ஒரு நெஸ்தோரியக் குடும்பத்தில் விருந்தினராகத் தங்கினர். பாரசீக மொழி நன்கறிந்த தோமினிக்கன் தோழர் யோர்தான் வேறு ஊருக்குச் சென்றிருந்தார். அந்த வேளையில் வீட்டில் கணவன் மனைவி சண்டை; கணவன் அடித்துவிட்டான். மனைவி காஜியாரிடம் முறையிட்டு, வீட்டிலிருந்த துறவிகளைச் சாட்சியாகச் சொன்னாள். சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்கள் சமய வாதத்துக்குள் இழுக்கப்பட்டு, கொல்லப்பட்டனர். விசுவாசத்துக்காக உயிர் ஈந்த மறைசாட்சிகள் அவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அச்சாவின் வாயிலில் ஓர் அயல்வீட்டுப் பூசல் நின்றது என்பதும் வரலாற்றின் பகுதியே.

அவர்களுடைய எலும்புகளை ஓடரிக் என்ற துறவி எடுத்துக்கொண்டு, கொல்லம், மயிலை வழியாகக் கடல் கடந்து ஒரு நகரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அது எந்த நகர்? சம்பந்தப் பெருமாள் கோயில் எடுத்த அதே சைத்தூன். அங்கே அர்மேனியப் பெருமாட்டி ஒருவர் கட்டிய ஆலயம் இருந்தது, ஆயர் இருந்தார். பெருஜியா நகர் அந்திரேயா என்ற அந்த ஆயர் 1326இல் எழுதிய மடலில், எல்லா நாட்டு மக்களும் தத்தம் நெறிப்படி அங்கு வாழ விடப்படுகின்றனர், நாங்கள் தடையின்றி, அச்சமின்றிப் போதிக்கிறோம் என்ற கருத்தில் எழுதுகிறார். அவருக்குரிய படித்தொகை பேரரசரின் கருவூலத்திலிருந்து வந்தது. தமிழ் வணிகனும் இத்தாலிய ஆயரும் ஒரே முத்திரையின் நிழலில் இருந்தார்கள்.

முத்திரை உடைந்தது. 1357 முதல் 1366 வரை அந்நகரில் கலகம் மூண்டு, இறுதியில் அயல்நாட்டார் பலர் வெட்டி வீழ்த்தப்பட்டனர். இரண்டே ஆண்டுகளில் மங்கோலிய ஆட்சியும் மறைந்தது. சிவன் கோயில் கற்கள் சிதறிப்போயின. தமிழகச் சிற்பம் தாங்கிய தூண்கள் சில, அந்நகரின் பெரிய புத்த ஆலயத்தின் பின்மண்டபத்தில் இன்றும் நிற்கின்றன. ஆயர் அந்திரேயாவின் கல்லறைக் கல்லும் பிற்காலத்தில் அங்கே கிடைத்தது. அரசனின் தாள் அரசன் இருக்கும்வரை தான். அண்டை வீட்டாரின் நெஞ்சில் இடம் பிடிக்காத பாதுகாப்பு, ஆட்சி மாறிய மறுநாள் வெறுங்காகிதம் ஆகிவிட்டது. எரிக்கோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்த பயணியைச் சாவடிக்காரரிடம் ஒப்படைத்து, மேற்செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொன்ன சமாரியரை இங்கு நினைத்துக்கொள்கிறோம். அவரும் அவ்வூருக்கு அந்நியரே. அவர் காயத்துக்குக் கட்டுப்போட்டதைப் பேசும் நாம், பிணை நின்றதைப் பேசுவது குறைவு.

மாமல்லபுரத்துக்கே திரும்புவோம். இங்கு வரும் பயணிக்குப் பணப்பையைவிடப் பெரிய ஆபத்து கடலே. பார்க்க அமைதியாகத் தோன்றும் இந்த அலைகள் அடியில் இழுப்பவை. குளிக்க இறங்கிய இளைஞர்கள் மாண்ட செய்தி நம் செய்தித்தாள்களுக்குப் புதிதன்று. சென்ற முறை நாம் சென்றிருந்தபோது, வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் கோயிலுக்குத் தெற்கே நீரில் இறங்கினார். வலை பிரித்துக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் எழுந்து, கைகளை வீசிக் கத்தியபடி அவரை நோக்கி ஓடினார். அப்பெண்மணி திடுக்கிட்டு, தோளில் இருந்த பையை இறுக அணைத்துக்கொண்டு கரையேறி, வேகமாய் நடந்து போய்விட்டார். மீனவர் அவர் போவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கரை ஏறிட்டாங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு, வலையருகே போய் உட்கார்ந்தார்.