உருவிய வாளும் ஒரு பாதிரியாரும்

சென்ற வாரம் சாமர்செட் பிரபுவை டியூக்ஸ்பரி மடாலயத்துக்குள் ஓடவிட்டு, 'தொடரும்' போட்டுவிட்டேன். கோபமாக இருப்பீர்கள். வாருங்கள், உள்ளே போய்விடுவோம்.

உள்ளே நெரிசல். தோற்றுப்போன லங்காஸ்டர் பிரபுக்கள், வீரர்கள், காயம்பட்டவர்கள். 30 அடி உயரத்துக்கு நிற்கும் நார்மன் காலத் தூண்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் ஒன்றைக் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் மறைவில்தான் பதுங்கல். ஆனாலும் தூணைவிட அவர்கள் நம்பியது பலிபீடத்தைத்தான். கோயிலில் அடைக்கலம் புகுந்தவனைத் தொட்டால் மகாபாவம், தொடுகிறவன் அரசனே ஆனாலும்.

காலையில் மேட்டிலிருந்து இறங்கிப் பாய்ந்தவர் சாமர்செட். தோப்புக்குள் எதிர்த்தரப்பின் தலைவர், இங்கிலாந்து அரசர் எட்வர்ட் ஒளித்துவைத்திருந்த 200 ஈட்டி வீரர்கள் பக்கவாட்டில் வந்து விழுந்தார்கள். துணைக்கு வரவேண்டிய வென்லாக் பிரபு நகரவே இல்லை. ஆத்திரத்தில் சாமர்செட் திரும்பிப் போய், வென்லாக்கின் மண்டையைக் கோடாரியால் பிளந்தார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை. உயிர் தப்ப ஓடுகிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? லங்காஸ்டர் தரப்பின் 17 வயது இளவரசனும் செத்துப்போனான். இனி யாருக்காகச் சண்டை?

வெளியே குளம்பொலி.

எட்வர்ட் வந்துவிட்டார். கையில் உருவிய வாள்.

அந்தக் கோபம் அன்று காலையில் பிறந்தது அல்ல. இதே சாமர்செட்டின் அண்ணன் ஹென்றியை ஒரு காலத்தில் எட்வர்ட் மன்னித்திருந்தார். வேட்டைக்குக் கூட்டிப்போனார், தன் படுக்கையிலேயே இடம் கொடுத்தார். அந்த அண்ணனோ, சமயம் வாய்த்ததும் எதிரிப் பக்கம் ஓடினான். 1464-ல் ஹெக்ஸமில் அவன் தலை போயிற்று. இப்போது தம்பி!

உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. அதை நடத்திய பாதிரியார் திரும்பினார். நற்கருணையைக் கையில் ஏந்தியபடியே நேராக நடந்து, அரசனின் வாளுக்கு முன்னால் போய் நின்றார்.

"இவர்களை மன்னித்தால்தான் வழி" என்பது அவர் நிபந்தனை.

ஒரு பழைய காலக்குறிப்பு இப்படித்தான் சொல்கிறது. அவர் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது.

எட்வர்ட் யோசித்திருப்பார். கிரீடம் திரும்பக் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகின்றன. வெற்றிக்கு நன்றி சொல்லி மண்டியிட வேண்டியதும் இதே கோயிலில். அங்கே போய் நற்கருணையைத் தள்ளிவிட்டு வெட்டுவதா?

வாள் தாழ்ந்தது. மன்னிப்பு கிடைத்தது.

தப்பி ஓட நினைத்திருந்தவர்கள்கூட அந்த வார்த்தையை நம்பி உள்ளேயே தங்கினார்கள். இன்றைக்கும் அங்கே போனால் பூசைப் பொருள் அறைக் கதவின் உட்புறத்தைக் காட்டுவார்கள். இரும்புத் தகடுகளால் வேய்ந்த கதவு. களத்தில் பொறுக்கிய கவசங்களை வெட்டி அடித்தவை என்பார்கள். அத்தனை இரும்பும் அன்று யாருக்கும் உதவியிருக்காது.

ஏனென்றால் எட்வர்டின் ஆட்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ராஜத்துரோகிகளுக்கு அடைக்கலம் தரும் உரிமை இந்த மடாலயத்துக்குக் கிடையவே கிடையாது!

ஞாயிறு கழிந்தது. திங்கட்கிழமை, மே 6. மடாலயத்துக்குள் ஆயுதம் தாங்கிய ஆட்கள் நுழைந்தார்கள்.

ஊருக்குள் விசாரணை மேடை தயார். நீதிபதியாக உட்கார்ந்திருந்தது அரசனின் தம்பி, 18 வயது ரிச்சர்ட்.

சாமர்செட் வெளியே இழுத்துவரப்பட்டார். அரசன் கொடுத்த வார்த்தை?

(தொடரும்)