ஷேல் எண்ணெய் மீட்பில் வாயு உட்செலுத்தல்: அடைப்பே முதற்கேள்வி

அமெரிக்காவின் ஷேல் படிவங்களில் நீரழுத்தத்தால் பிளவூட்டப்பட்ட கிணறுகள் வேகமாகத் தொடங்கி வேகமாகவே தளர்கின்றன. பாறையில் உள்ள எண்ணெயில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் மேலே வருவதில்லை. எஞ்சியதை மீட்க வாயுவை உட்செலுத்தலாம் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் நிறைய உண்டு. ஆனால் களத்தில் இம்முறையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது வாயு எண்ணெயோடு எவ்வளவு நன்றாகக் கலக்கிறது என்பதைவிட, செலுத்திய வாயு அந்த இடத்திலேயே அழுத்தத்தோடு நிற்கிறதா, அதாவது அடைப்பு இருக்கிறதா என்பதே. இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுதான்.

ஷேல் அல்லாத வழக்கமான எண்ணெய் வயல்களில் நிலைமை வேறு. மேற்கு டெக்சஸின் சாக்ராக் என்னும் அத்தகைய வயலில் 1972 முதல் கரியமில வாயு செலுத்தப்படுகிறது. அங்கே ஒரு கிணற்றில் செலுத்தும் வாயு எண்ணெயை மற்றொரு கிணற்றை நோக்கித் தள்ளும். ஷேலில் அது நடவாது. பாறையின் உட்புகுதிறன் நானோடார்சி என்னும் மிக நுண்ணிய அளவுக்கு இறங்கும்போது, ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்குப் பாறையின் வழியே எதுவும் நியாயமான காலத்துக்குள் போய்ச் சேராது. விரைந்து போய்ச் சேர்ந்தால், அது பிளவுகளின் வழியே போயிருக்கிறது என்று பொருள். ஆகவே ‘ஹஃப் அண்ட் பஃப்’ என்னும் முறை கைக்கொள்ளப்படுகிறது: ஒரே கிணற்றில் வாயுவைச் செலுத்தி, சில காலம் மூடிவைத்து, பிறகு அதே கிணற்றைத் திறந்து எண்ணெயை எடுப்பது; இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்வது. வாயு கரைந்து எண்ணெய் உப்புகிறது, அதன் பாகுத்தன்மை குறைகிறது, இலகுவான கூறுகள் வாயுவுக்குள் ஆவியாகின்றன, இழந்த அழுத்தமும் ஓரளவு மீள்கிறது.

வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் ஆற்றல், சுற்றுச்சூழல் ஆய்வு மையம் பாக்கன் படிவத்தின் பாறைத் துண்டுகளை உயர் அழுத்தக் கரியமில வாயுவில் வைத்துச் சோதித்தது. நடு பாக்கன் பாறையின் சிறு துண்டுகளிலிருந்து ஏறத்தாழ முழு எண்ணெயும் ஒரு நாளிலேயே வெளிவந்தது. இம்முடிவைக் களத்துக்கான வாக்குறுதியாகப் படிப்பவர்கள் தொலைவை மறந்துவிடுகிறார்கள். விரவலுக்கு, அதாவது மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதற்கு, ஆகும் காலம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அரை சென்டிமீட்டருக்கு ஒரு நாள் என்றால் அரை மீட்டருக்குப் பத்தாயிரம் நாள், அதாவது 27 ஆண்டுகள். களத்தில் விரவல் மட்டும் இயங்குவதில்லை. அழுத்த வேறுபாடும் வாயுவை உள்ளே தள்ளுகிறது. ஆனால் அந்த வேறுபாட்டை நிலைநிறுத்த, வாயு தப்பிப்போகாத அடைப்பு வேண்டும்.

அடைப்பு இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை அதே வடக்கு டகோட்டாவின் பார்ஷல் வயல் காட்டியது. 2008-இல் அங்கே ஒரு பாக்கன் கிணற்றில் கரியமில வாயு செலுத்தப்பட்டது. 11 நாட்களில் அது ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலிருந்த கிணற்றில் வெளிப்பட்டது. கலத்தலின் வேதியியலுக்கு அந்தச் சோதனையில் வாய்ப்பே கிட்டவில்லை. இதைக் கரியமில வாயுவின் தோல்வி என்று எழுதுவது தவறு. அது பிளவுகளின் வெற்றி.

மாறாக, தெற்கு டெக்சஸின் ஈகிள் ஃபோர்டு படிவத்தில் ஈ.ஓ.ஜி. நிறுவனம் 2016-இல் நம்பிக்கை தரும் முடிவுகளை அறிவித்தது. அது செலுத்தியது வயலிலேயே கிடைத்த இயற்கை வாயு. கரியமில வாயுவோடு ஒப்பிட்டால், எண்ணெயோடு முழுதாகக் கலக்க மீத்தேனுக்குப் பொதுவாகக் கூடுதல் அழுத்தம் தேவை. ஆய்வகத் தரவரிசையில் பின்னிற்கும் வாயு களத்தில் பலன் தந்ததற்கு எண்ணெய் இலகுவாக இருந்தது ஒரு காரணம். மேலும் கீழும் வாயுவைத் தடுக்கும் படிவங்கள் அமைந்தது மற்றொன்று. வாயு குழாய்வழி கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைத்ததும், திரும்பி வருவதை மீண்டும் செலுத்தவோ விற்கவோ முடிந்ததும் பொருளாதாரத்தைத் தாங்கின.

அந்த அறிவிப்பின் எண்ணையும் நிதானமாகப் படிக்க வேண்டும். வாயு செலுத்தாமல் கிடைக்கும் முதல்நிலை உற்பத்தியோடு ஒப்பிட்டால் 30 முதல் 70 விழுக்காடு கூடுதல் மீட்பு என்றார்கள். முதல்நிலை மீட்பு 7 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் கூடுதலாகக் கிடைப்பது, பாறையில் உள்ள எண்ணெயில் 2 முதல் 5 விழுக்காடு மட்டுமே. அப்போதும் எண்பத்தெட்டு விழுக்காடாவது நிலத்தடியிலேயே தங்கும். புதுக் கிணறு தோண்டாமல் கிடைப்பது என்பதால் இது அற்ப ஆதாயமன்று. ஆனால் ஷேலின் மீட்புக் கணக்கையே புரட்டிப்போடும் எண்ணும் அன்று.

ஆகவே எந்த வாயு சிறந்தது என்ற விவாதத்துக்கு ஆய்விலக்கியம் தரும் இடம் மிகுதி என்பது என் கருத்து. ஒரு திட்டத்தை மதிப்பிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அண்டைக் கிணறுகளின் அழுத்தப் பதிவு. அடுத்து, செலுத்திய வாயுவில் எவ்வளவு அதே கிணற்றின் வழியே திரும்பியது என்ற கணக்கு. கூடுதல் எண்ணெயின் அளவைச் சொல்லும் நிறுவனங்கள் இவ்விரண்டையும் சுற்றுவாரியாக வெளியிட வேண்டும். அவை இல்லாத முடிவுகளை ஆய்விதழ்கள் சான்றாக ஏற்கக் கூடாது.